வேகாத மாவு

ஒட்டு மேசையிலிருந்து சத்தம் வந்தபோது அவள் இரண்டாவது டிரம்மைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“ஏய் பசை! இங்க வந்து பாரு. என்னத்தைக் காய்ச்சி அனுப்பியிருக்க? பசையா, வாய் கொப்பளிக்கத் தண்ணியா?”

அவளுக்கு அந்தப் பட்டறையில் வேறு பெயர் கிடையாது. பசைக்காரி என்று சொல்ல நேரமில்லாதவர்கள் பசை என்பார்கள். சிமெண்டுக்கும் தீவனத்துக்கும் போகிற காகிதச் சாக்கு ஒட்டும் பட்டறை அது. மக்காச்சோள மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, நீராவிக் குழாயைத் திறந்து, வேகிற வரைக்கும் துடுப்பால் துழாவுவது அவள் வேலை. முதலில் துடுப்பு தண்ணீரில் போவது போலப் போகும். கலவை சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். சூடு ஏற ஏற ஒன்றும் ஆகாது. ஏமாற்றுகிறதோ என்று தோன்றும். பிறகு ஒரே மூச்சில் மாவு ஊதி, வெள்ளை போய்ச் சாம்பல் நிறமாகி, துடுப்பைப் பிடித்துக்கொள்ளும். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும். அப்போது குழாயை மூட வேண்டும். இதற்குக் கருவி இருக்கிறது என்று மேஸ்திரி சொல்வார். அவளுக்குத் தோள்பட்டையே போதும்.

துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மேசைக்கு வந்தாள். மூன்று பக்கெட்டில் இரண்டு நன்றாகவே இருந்தன. விரலில் தொட்டு இழுத்தால் நூல் வந்தது. மூன்றாவது பக்கெட்டில் மட்டும் பசை செத்துப்போய்க் கிடந்தது. தொட்டால் சொட்டியது. ஒட்டிய சாக்கெல்லாம் அடி பிரிந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

“மூணும் ஒரே டிரம்ல எடுத்தது. என் மேல பழி போடாதீங்க” என்றாள் பசைக்காரி. கையைக் கட்டிக்கொண்டு மேசையைப் பார்த்தபடி நின்றாள்.

மூன்றாவது பக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தவள் புதிதாக வந்தவள். கை வேகம்தான். கட்டை விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் பிரித்தாள். மடித்தாள். அதே விரலைப் பசையில் முக்கி மூலையில் தேய்த்தாள். மறுபடி நாக்கு. மறுபடி பசை.

“அம்மா தாயே, நிறுத்து. அங்க ஈரப் பஞ்சு வெச்சிருக்கு பாரு, கிண்ணத்துல. விரலை அதுல தொடு. நாக்கை வீட்லயே வெச்சுட்டு வா.”

“வீட்ல வெச்சா எங்க மாமியார் அதுக்கும் ஒரு வேலை குடுத்துடுவாங்க.”

மேசை முழுக்கச் சிரித்தது. பசைக்காரியும் சிரித்தாள்.

“வெளயாட்டு இல்ல. வெந்த மாவுல எச்சில் பட்டா அவ்வளவுதான், அது தண்ணியாகிடும். சோத்தை வாயில போட்டு மென்னுக்கிட்டே இரு, இனிக்கும்ல? அதே வேலைதான் இந்தப் பக்கெட்லயும் நடக்குது. காலையிலருந்து நீ சாக்கு ஒட்டல. பக்கெட் பசையை மென்னுக்கிட்டு இருக்க.”

“ஐயே” என்று புதியவள் பக்கெட்டைத் தள்ளி வைத்தாள்.

அப்போதுதான் வாசல்காவலர் வந்தார். கைபேசிகளை வாசலில் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவள் கைபேசியை அவர் தூரத்திலிருந்தே நீட்டிக்கொண்டு வந்தார்.

“உங்க வீட்லருந்து. அழுவுற சத்தம் கேக்குது.”

மறுமுனையில் ஓரகத்தி. கணவனின் அண்ணன் மனைவி.

“குட்டி விழுந்துட்டாம்மா. பேச்சு மூச்சு இல்ல. சர்க்கரைத் தண்ணி குடுத்துப் பாத்தேன், வாயில நிக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறேன். நீ நேரா அங்க வந்துடு.”

பசைக்காரி நீராவிக் குழாயை மூடினாளா இல்லையா என்பதே பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. மூடியிருந்தாள். கை தானாகச் செய்திருந்தது.

*

குட்டிக்கு நாலு வயது. ஆளைவிட வயிறு பெரியது. கன்னம் பொம்மைக்கு வைத்தது போல உப்பியிருக்கும், கைகால் குச்சி. தெருப் பிள்ளைகள் பானை என்று கூப்பிடுவார்கள். அவளும் கோபப்படாமல் “என்ன?” என்று திரும்புவாள். பார்க்கிறவர்கள் இந்தப் பிள்ளைக்கு ஊட்டி ஊட்டிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த வயிற்றில் இருப்பது ஈரல். பெருத்துப் பெருத்துத் தொப்புள் வரைக்கும் இறங்கியிருக்கிறது.

ஏன் என்பதை டாக்டரம்மா ஒருநாள் உட்காரவைத்துச் சொன்னாள். மருந்துச் சீட்டுக் கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தூக்கிப் பிடித்தாள்.

“இது எதுல செஞ்சது?”

“மரக்கூழ்ல” என்றாள் பசைக்காரி. சாக்குத் தாள் அவளுக்குத் தெரியாததா.

“அதுல இருக்கறதும் சர்க்கரைதான். நீங்க காய்ச்சுற மாவுல இருக்கறதும் சர்க்கரைதான். மணி ஒண்ணு, கோத்த விதம்தான் வேற. தாள்ல நீட்டமா இழுத்துக் கோத்து, ஒண்ணோட ஒண்ணு இறுக்கி வெச்சிருக்கு. நம்ம வயித்தால அதைப் பிரிக்க முடியாது. ஆட்டால முடியும். ஆட்டு வயித்துல அதுக்குன்னே கிருமி இருக்கு. செடி தன் உடம்பு நிக்கறதுக்கு ஒரு மாதிரி கோக்கும், பசிக்குச் சேத்து வைக்க இன்னொரு மாதிரி கோக்கும். சேத்து வைக்கறதுதான் மாவு. நம்ம உடம்பும் சேத்து வைக்கும், ஈரல்ல. கிளை கிளையா, மரம் மாதிரி. பசிக்கறப்போ நுனியிலருந்து ஒவ்வொரு மணியா உருவி ரத்தத்துல விடும்.”

“எங்க குட்டிக்கு?”

“கோக்கத் தெரியுது. சேக்கத் தெரியுது. ரத்தத்துல விடத் தெரியல. கடைசியில ஒரு வேலை இருக்கு, அந்த ஒண்ணு மட்டும் அவ உடம்புல கிடையாது. பொறந்ததுலருந்தே கிடையாது.”

பசைக்காரியின் கணவன் லோடு ஏற்றுபவன். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

“கிடங்கு ரொம்பி வழியுது. ஷட்டர் தூக்க மாட்டேங்குது. வெளிய லாரி காலியா நிக்குது. அப்படித்தான டாக்டர்?”

“அப்படியேதான்.”

“ஷட்டரை ஒடைக்க முடியாதா?”

“இப்போதைக்கு முடியாது. வெளிய நிக்கற லாரிக்கு நாமதான் விடாம சரக்கு அனுப்பணும்.”

அந்தச் சரக்குதான் மக்காச்சோள மாவு. சாப்பாட்டுக்கு நடுவில், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பகலும் இரவும். பச்சை மாவை, குளிர்ந்த தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். வேகவைக்கக் கூடாது. சூட்டில் காட்டவே கூடாது. வேகாத மாவு வயிற்றுக்குள் கல் மாதிரி இறுகிக் கிடந்து மெதுவாகத்தான் பிரியும். கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை ரத்தத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்றாள் டாக்டரம்மா. பசைக்காரிக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரம்மில் வேகாமல் கிடக்கிற மாவு எப்படி, வெந்த மாவு எப்படி என்று அவள் தோளுக்குத் தெரியும்.

முதல் சில மாதம் மாவு நன்றாகத்தான் தாங்கியது. குட்டி தெருவில் ஓடினாள். பிறகு பகலில் மட்டும் சரியத் தொடங்கினாள். உட்கார்ந்த இடத்தில் வியர்க்கும். கண் சொருகும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அடி மட்டத்தில் இருக்கும். இரவில் அப்படி ஆனதே இல்லை. இரவு மாவை அவள்தான் எழுந்து கலக்கிக் கொடுப்பாள். பகலில் அவள் வேலையில் இருக்கும்போது ஓரகத்தி பார்த்துக்கொள்வாள். பகலில் ஓடியாடுகிறாள், அதனால் செலவாகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

போன தடவை டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னாள். “இன்னும் ஒரு தடவை இப்படி விழுந்தா, மாவு இவளுக்குத் தாங்கலன்னுதான் அர்த்தம். மூக்கு வழியா குழாய் போட்டு, ராப்பகலா சொட்டுச் சொட்டா ஊத்தணும்.”

“எத்தனை நாளைக்கு?”

“நாள் இல்லம்மா. வருஷம்.”

குட்டி அன்று டாக்டரம்மாவின் மேசையில் இருந்த குழாயை எடுத்துத் தன் மூக்கில் வைத்துப் பார்த்து, “யானை” என்றாள்.

*

ஆஸ்பத்திரியில் அவள் போய்ச் சேர்ந்தபோது குட்டியின் கையில் ஊசி குத்தியிருந்தது. குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து, “அம்மா, வேலைக்குப் போகலையா?” என்று கேட்டாள். அதைக் கேட்ட பிறகுதான் பசைக்காரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஓரகத்தி சுவரோரம் நின்றாள். அவள் வீட்டிலேயே தைப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. நைட்டியில் நூல் துண்டுகள். ஒரு காலில் செருப்பு இல்லை. கடைத்தெருவைத் தாண்டி அந்த எடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

“மாவு குடுத்தீங்களாக்கா?”

“குடுக்காம? நேரத்துக்குக் குடுத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வெக்காம குடிச்சா. நல்லா விளையாடிக்கிட்டுத்தான் இருந்தா. அப்புறம் பட்டனைக் கோத்துக்கிட்டே அப்படியே சாஞ்சுட்டா.”

“ஒரு சொட்டு மிச்சம் இல்லாமயா?”

“ஆமா.”

பசைக்காரிக்கு அந்தப் பதில் எங்கேயோ இடித்தது. இரவில் ஒரு டம்ளர் மாவைக் குடிக்கவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும். பாதி அவள் மேலேயே துப்புவாள் குட்டி. ஆனால் அப்போது யோசிக்க நேரமில்லை. டாக்டரம்மா வந்தாள். அளவுகளைப் பார்த்தாள். “ஒரு வாரம் பாக்கறேன். தினம் பகல்ல குத்திப் பாத்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் குழாய் பத்தி முடிவு பண்ணிடலாம்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையலறை. கதவு திறந்தே கிடந்தது; தையல் மிஷின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குட்டியைப் படுக்கையில் விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போன பசைக்காரி பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டாள்.

ஓரகத்தி கழுவாமல் ஒரு கரண்டியைக்கூட விட மாட்டாள். குடித்த கை காய்வதற்குள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அதை வைத்து வீட்டில் எல்லோரையும் ஏசவும் செய்வாள். இன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் குட்டியின் எவர்சில்வர் டம்ளர் தொட்டியிலேயே கிடந்தது. பசைக்காரி அதை எடுத்து உள்ளே பார்த்தாள்.

பச்சை மாவு குடித்த டம்ளர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாள் காலையிலும் கழுவுகிறாள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போலப் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் தூளாக உதிரும்.

இந்த டம்ளரில் தூள் இல்லை. உட்புறம் முழுக்கக் கண்ணாடி போல ஒரு தோல் காய்ந்து ஒட்டியிருந்தது. ஓரம் சுருண்டிருந்தது. நகத்தால் கிள்ளினாள். பட்டையாக உரிந்து வந்தது. பட்டறையில் பக்கெட் விளிம்பிலிருந்து தினமும் உரித்துப் போடுகிற அதே தோல்.

டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“அக்கா. இதைக் காய்ச்சினீங்களா?”

ஓரகத்தி மிஷின் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“கேக்கறேன்ல? காய்ச்சினீங்களா?”

“ரெண்டு கொதி விட்டேன். அதுக்கென்ன இப்போ?”

“எத்தனை நாளா?”

“பச்சை மாவைப் பச்சப் புள்ளைக்கு எப்படி ஊத்தறது? சாக்பீஸ் தண்ணி மாதிரி இருக்கு. வாயில வெச்சாலே உவ்வேங்கறா. மூக்கைப் பிடிச்சு ஊத்த உனக்கு மனசு வரும், எனக்கு வரல. பச்சை மாவு தின்னு தின்னுதான் வயிறு இப்படி உப்பிக் கிடக்கு. வேகாதது வயித்துல சேர்ந்தா உப்பாம? கூழா காய்ச்சி ஆத்திக் குடுத்தா தொண்டையில வழுக்கிக்கிட்டு இறங்குது. இன்னும் வேணும்னு கேக்கறா.”

“காய்ச்சாதீங்கன்னு சொன்னேன்ல?”

“சொன்ன. ஏன் சொன்ன? உனக்கு நேரமில்லன்னு சொன்ன. அங்க டிரம் டிரம்மா காய்ச்சுவ. பெத்த புள்ளைக்கு ஒரு டம்ளர் காய்ச்ச முடியல. சரி, நம்மதான் வீட்ல இருக்கோமே, நம்ம செய்வோம்னு செஞ்சேன். தப்பா?”

பசைக்காரிக்கு வாயில் வந்தது கெட்ட வார்த்தை. லோடு ஏற்றுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது, நல்ல கனமான வார்த்தை. விழுங்கினாள். குட்டி விழித்துக்கொள்வாள். அதோடு ஓரகத்தியின் செருப்பில்லாத கால் இன்னும் அழுக்காகவே இருந்தது. பெருவிரல் நகத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

“வாங்க” என்றாள். “சமையக்கட்டுக்கு வாங்க.”

*

ஒரு கிண்ணத்தில் பச்சை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்தாள். இன்னொன்றை அடுப்பில் வைத்து, கிளறி, கெட்டியானதும் இறக்கி, கிண்ணத்தைத் தண்ணீரில் வைத்து ஆற்றினாள். வெந்த கிண்ணத்தில் கரண்டியை நிறுத்தினாள். சாயாமல் நின்றது.

“துப்புங்கக்கா.”

“என்னது?”

“ரெண்டுலயும் துப்புங்க.”

“ஏய், என்ன, அவமானப்படுத்தறியா? தப்பு செஞ்சவ மூஞ்சியில துப்பறதைப் பாத்திருக்கேன், கிண்ணத்துல துப்பச் சொல்றவளை இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

“நானும் துப்பறேன். துப்புங்க.”

அவள் துப்பினாள். ஓரகத்தி ஒரு கணம் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து, அளவு நாடாவை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு துப்பினாள். பசைக்காரி இரண்டையும் கலக்கினாள். அப்போது பார்த்து லோடுக்காரன் உள்ளே வந்தான், இடுப்புப் பட்டையைக்கூடக் கழற்றாமல். ஆஸ்பத்திரிக்குப் போய், அவர்கள் கிளம்பிவிட்டதைத் தெரிந்துகொண்டு ஓடி வந்திருக்கிறான்.

“குட்டி?”

“தூங்கறா. நல்லா இருக்கா.”

மூச்சை விட்டான். கிண்ணங்களைப் பார்த்தான். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தான்.

“ஒருத்தர் மேல ஒருத்தர் துப்பிக்குவீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கிண்ணத்துலதான் துப்பறீங்க. பரவாயில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. ஓரகத்தி கிண்ணத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். வெந்த மாவில் நின்ற கரண்டி மெதுவாகச் சாய்ந்தது. விளிம்பில் போய் மோதியது. பசைக்காரி தூக்கிப் பிடித்தபோது கட்டியாக விழவில்லை, தண்ணீராக ஒழுகியது. பச்சை மாவு இருந்த கிண்ணத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மேலே தெளிந்து, அடியில் வெள்ளை அப்படியே கிடந்தது.

“இதுல என்ன போட்ட?” என்றாள் ஓரகத்தி.

“உங்க எச்சில், என் எச்சில். வேற ஒண்ணும் இல்ல. வெந்த மாவுன்னா வாயிலயே பிரிய ஆரம்பிச்சுடும், வயித்துக்குப் போனதும் மொத்தமும் பிரிஞ்சு ஒரே மூச்சுல ரத்தத்துல ஏறிடும். நமக்கு அது பரவாயில்ல. தீந்தா ஈரல் குடுக்கும். குட்டிக்கு எது குடுக்கும்? அவ வயிறு பச்சை மாவால உப்பல. ஏறின சர்க்கரையெல்லாம் ஈரலுக்குள்ள போய் அடைஞ்சுக்குது. வெளிய வரத் தெரியாம உக்காந்திருக்கு. அடுத்த மாவு வர வரைக்கும் அவகிட்ட ஒண்ணும் இல்ல. அதான் விழறா.”

ஓரகத்தி மறுபடியும் கரண்டியைத் தூக்கி ஒழுகவிட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை. பிறகு கிண்ணத்தைத் தொட்டிக்குள் வைத்தாள். கழுவவில்லை.

“காய்ச்சாதேன்னு மட்டும் சொன்ன. ஏன்னு ஒரு வார்த்தை சொன்னியா? டாக்டர்கிட்ட நீங்க ரெண்டு பேரும் போனீங்க, வந்தீங்க. எனக்கு வந்தது உத்தரவு. நீ எனக்கு மேஸ்திரியா?”

பசைக்காரி பட்டறையில் புதிதாக வருகிறவளுக்கெல்லாம் மேசையோரம் நின்று விளக்கம் சொல்கிறாள். வீட்டில் சொல்லத் தோன்றவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்றால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று இருந்துவிட்டாள்.

“காகிதமும் சர்க்கரைதான்னு டாக்டரம்மா சொன்னாங்க, அண்ணி” என்றான் லோடுக்காரன், பேச்சை எங்காவது கொண்டுபோக வேண்டுமே என்று.

“அப்ப உங்க பொண்டாட்டி சாக்கைத் தின்னட்டும்” என்று சொல்லிவிட்டு ஓரகத்தி மிஷினுக்குப் போய்விட்டாள். விளக்கைப் போட்டாள். தைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

*

காலையில் பசைக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. குட்டியை வேறு யாரிடம் விடுவது என்று இரவெல்லாம் யோசித்தாயிற்று. ஆள் இல்லை. இருந்தாலும், அந்த எடையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு ஓடுகிற ஆள் இல்லை.

“என்ன நிக்கற?” என்றாள் ஓரகத்தி, ஊசியில் நூல் கோத்தபடியே. “பச்சையாதான் குடுப்பேன். போ. அங்க நாலு பேர் நாக்கை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க.”

போனாள். முதல் டிரம்மில் மாவு கெட்டியானதைக் கவனிக்காமல் விட்டு, அடி பிடிக்கவைத்தாள். மேஸ்திரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். மதியம் வாசலுக்குப் போய்க் கைபேசியைக் கேட்டு வாங்கினாள்.

“அக்கா…”

“உன் பொண்ணு உயிரோடதான் இருக்கா. ஃபோனை வை.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குட்டி மிஷினுக்குக் கீழே பட்டன்களைப் பரப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். சட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவு. ஓரகத்தியின் முடியிலும் மாவு. குட்டி நேரே முகத்தில் துப்பியிருக்கிறாள் போல. விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை அளவு இறங்காமல் நின்றிருந்தது.

பசைக்காரி சமையலறைக்குப் போனாள். டம்ளர் தொட்டியில் இல்லை. திட்டின் மேல், அவள் கண்ணுக்கு நேராக, கழுவாமல் வைக்கப்பட்டிருந்தது. அடியில் சுண்ணாம்பு போல வெள்ளை. விரலை விட்டுத் தேய்த்தாள். தூளாக உதிர்ந்தது.

“நல்லா பாத்துக்க” என்று மிஷின் பக்கமிருந்து குரல் வந்தது. “வெளிச்சம் பத்தலன்னா விளக்கைப் போடு.”

மறுநாளும் டம்ளர் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும். கழுவாத பாத்திரத்தோடு ஒரு பகல் முழுக்க இருப்பது ஓரகத்திக்கு எப்படிப்பட்ட தண்டனை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பசைக்காரி தினமும் வந்தாள், பார்த்தாள், கழுவி வைத்தாள். ‘நீங்களே கழுவிடுங்கக்கா’ என்று சொல்ல வாயெடுப்பாள். வராது.

இதற்கிடையில் ஓரகத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். மாவு நாக்கில் பட்டால்தான் குட்டிக்கு அருவருப்பு. ஜூஸ் கடையில் தடிமனான உறிஞ்சுகுழாய்கள் சிலவற்றைக் கேட்டு வாங்கி வந்தாள். “இதான் உன் தும்பிக்கை. நாக்குக்குப் பின்னாடி வெச்சுக்க. யானை நாக்குல படாமதான் குடிக்கும்” என்றாள். யானை அப்படித்தான் குடிக்குமா என்று அங்கே யாருக்கும் தெரியாது. குட்டி மூன்று இழுப்பில் குடித்துவிட்டு, காதை ஆட்டிக் காட்டினாள். அடியில் தங்குவதற்குள் குடித்தாக வேண்டும் என்பதால் ஓரகத்தி ஒரு கையால் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். மறு கையில் பாதி தைத்த சட்டை.

வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்கு மூன்று பேருமாகப் போனார்கள். இந்த முறை ஓரகத்தியையும் பசைக்காரிதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா பகல் அளவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றுகூட விழவில்லை.

“என்ன மாத்தினீங்க?”

பசைக்காரி வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி முந்திக்கொண்டாள். “நான் காய்ச்சிக் குடுத்துக்கிட்டிருந்தேன் டாக்டர். இப்பக் காய்ச்சறதில்ல.”

டாக்டரம்மா அவளையே கொஞ்சம் பார்த்தாள். கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள். “வேகவைக்கக் கூடாதுன்னு ஒரு தடவைக்குப் பத்து தடவை சொல்லியிருக்கேனே” என்றாள்.

“இவகிட்ட சொல்லியிருப்பீங்க. குடுக்கறது நான்.”

“அதுவும் சரிதான்” என்றாள் டாக்டரம்மா. குட்டியின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். “குழாய் வேண்டாம். இப்படியே போங்க.”

“யானை வேண்டாமா?” என்றாள் குட்டி.

“வீட்ல ஒரு தும்பிக்கை இருக்குல்ல, அது போதும்” என்று ஓரகத்தி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் இறக்கிவிடவில்லை.

மறுநாள் பசைக்காரி வேலை முடிந்து வந்தாள். கைகால் கழுவினாள். சமையலறைக்குப் போனாள். திட்டின் மேல் டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அடிப்பாகத்தில் தண்ணீர்கூட இல்லை. துணியால் துடைத்து வைத்திருக்கிறாள்.

மிஷின் சத்தம் நின்றது. தையல் முடிந்து நிற்கிற சத்தம் இல்லை அது. நடுத் தையலில் நின்றது.

பசைக்காரி டம்ளரை நிமிர்த்தினாள். உள்ளே பார்க்கவில்லை. பானையிலிருந்து தண்ணீரை மொண்டு, அதிலேயே ஊற்றிக் குடித்தாள்.

“அது குட்டியோட டம்ளர்” என்றாள் ஓரகத்தி. “உனக்கு வேற டம்ளர் கெடைக்கலையா?”

“தாகம்க்கா.”

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.